அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே: வாசகர் கேள்வி – பதில்

வாழ்க்கைத்துணைக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடக்கும்போது வெளியே காத்திருப்பது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த மூன்று கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பதில் எழுதுபவர் அறுவை அரங்கச் செவிலியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று நினைத்துப் பல மாதங்கள் நாட்டு மருந்து சாப்பிட்டு வந்தார். இப்போது பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுக்கட்டி என்று தெரிந்து, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். என் நாத்தனாரின் கணவருக்கும் இதே போல நான்கு மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஏழு மணி நேரம் ஆக்கினார்கள். அதுவரை வெளியே இருந்தவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நிலைமை எனக்கு வந்தால் தாங்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. அவர் பட்டினி கிடக்கும்போது நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார் மாமியார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?
— வாசகி, குலசேகரம்

பதில்: டாக்டர் சொன்ன நான்கு மணி நேரம், பெரும்பாலும் கத்தி வைப்பதில் தொடங்கித் தையல் முடிவது வரையிலான நேரம். உங்கள் கணக்கோ, கணவரைத் தள்ளுவண்டியில் கதவுக்கு உள்ளே கொண்டுபோகும் நொடியிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே சாதாரணமாகவே இரண்டு மணி நேரம் வித்தியாசம் வரலாம் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. உங்கள் நாத்தனார் அனுபவித்த வேதனையில் பாதி இதனால் வந்ததாகத்தான் இருக்கும்.

காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறவர் உடனே அறுவை மேசைக்குப் போவதில்லை. முதலில் வெளிக்கூடத்தில் படுக்க வைத்து, பெயர் என்ன, என்ன அறுவை, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒரே கேள்விகளை வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இன்று நல்ல மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் நடைமுறையில் இருக்கிறது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பு ஒரு முறை, கத்தி வைப்பதற்கு முன்பு ஒரு முறை, நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன்பு ஒரு முறை என்று மொத்தக் குழுவும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். முதல் சரிபார்ப்பு முடிந்ததும் மயக்க மருத்துவர், வயிற்று அறுவை என்றால் பல நேரம், நோயாளியைக் குனிந்து உட்கார வைத்து முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார். பின்னால் வரும் வலியைக் குறைக்கும் மருந்து அதன் வழியாகத்தான் போகும். கையிலோ கழுத்திலோ ஊசிகள், மூச்சுக்குழாய், சிறுநீர்க்குழாய், உடம்பை மேசையில் சரியான நிலையில் வைத்து அழுத்தம் படும் இடங்களுக்கெல்லாம் மெத்தை கொடுப்பது, வயிற்றை மருந்தால் துடைத்துத் துணி விரிப்பது என்று இவ்வளவும் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நீங்கள் வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து களைத்திருக்கும் அந்தச் சமயத்தில்தான் உள்ளே கத்தியைக் கையில் எடுப்பார்கள்.

அறுவையே நீளுவதற்கும் காரணங்கள் உண்டு. இடப்பக்கப் பெருங்குடல் மண்ணீரலை ஒட்டி வளைந்து கீழே இறங்குகிறது. மண்ணீரல் சட்டென்று இரத்தம் கசியும் உறுப்பு என்பதால், அந்த வளைவை விடுவிக்கும்போது நல்ல அறுவை மருத்துவர் நிதானமாகத்தான் போவார். துளை வழியாகத் தொடங்கிய அறுவையை, பாதுகாப்புக்காக வயிற்றைத் திறந்து செய்வதாக மாற்றவும் நேரலாம். கட்டியை எடுத்த பிறகு குடலின் இரண்டு முனைகளையும் இணைத்தால், இணைத்த இடத்தைத் தண்ணீரில் மூழ்கவிட்டு ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போலக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. குமிழி வந்தால் இன்னும் தையல், இன்னும் நேரம். அந்த நேரம் உங்கள் கணவருக்கு நல்லதற்காகச் செலவாகும் நேரம்.

வெளியே இருப்பவர்கள் அறியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றை மூடுவதற்கு முன்பு உள்ளே பயன்படுத்திய துணிகள், ஊசிகள், கருவிகள் எல்லாவற்றையும் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். தொடங்கும்போது எண்ணிப் பலகையில் எழுதிய கணக்கோடு அது ஒத்துவர வேண்டும். ஒரு துணி குறைந்தாலும் மூட விடமாட்டோம். தரையில், குப்பைக் கூடையில், மேசைக்கு அடியில், மருத்துவரின் காலடியில் என்று தேடுவோம். கிடைக்காவிட்டால் வயிற்றை எக்ஸ்ரே எடுப்போம், அதில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துணிகளில் ஒரு தனி இழை வைத்து நெய்திருப்பார்கள். அறுவை நல்லபடியாக முடிந்து, மருத்துவரின் முகத்தில் நிம்மதி வந்த பிறகும், ஒரு துண்டுத் துணிக்காக அரை மணி நேரம் கதவு திறக்காமல் இருந்த நாட்கள் உண்டு. அந்த அரை மணியில் வெளியே ஒரு குடும்பம் என்னவெல்லாம் நினைத்திருக்கும் என்று பணியில் இருந்த காலத்தில் எனக்கு அடிக்கடி தோன்றும்.

அறுவை முடிந்ததும் மயக்கத்தைத் தெளியவைத்து, மூச்சு தானாக வருகிறதா, இரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மீட்பு அறையில் வைத்திருப்பார்கள். அதற்கும் ஒரு மணி நேரம், சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். எனவே முந்தின நாளே, "நான்கு மணி நேரம் என்றால் உள்ளே போனதிலிருந்து நான் அவரைப் பார்ப்பது வரையா, அறுவை மட்டுமா? எங்களுடையது அன்றைய முதல் கேஸா, இரண்டாவதா? இடையில் யாராவது வந்து தகவல் சொல்வார்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேஸ் என்றால், முன்னால் போனவரின் அறுவை நீண்டால் உங்கள் கணவர் உள்ளே சும்மா படுத்திருக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

இடையில் "இன்னாருடைய பைஸ்டாண்டர் (உடன் வந்தவர்) யார்?" என்று கதவைத் திறந்து கூப்பிட்டால் நெஞ்சு அடைத்துப்போகும், அது இயல்புதான். ஆனால் அப்படிக் கூப்பிடுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை: மருந்துக்கடையில் ஏதோ வாங்கி வர வேண்டும், இரத்த வங்கிக்குச் சீட்டு கொண்டுபோக வேண்டும், பல்செட்டையோ மோதிரத்தையோ கையில் ஒப்படைக்க வேண்டும், எடுத்த கட்டியைக் காட்ட வேண்டும். அந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். நம் ஊர்களில் வெட்டி எடுத்த பாகத்தைத் தட்டில் வைத்துக்கொண்டுவந்து குடும்பத்தாருக்குக் காட்டும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. எடுத்துவிட்டோம் என்பதற்குச் சாட்சியாக நல்லெண்ணத்தோடு காட்டுகிறார்கள். ஆனாலும் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவர் அதைப் பார்த்து மயங்கி விழுவதும் நடக்கிறது. "எனக்குப் பார்க்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும்" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. உடன் வரும் உறவினர் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

சில இடங்களில் அந்தப் பாகத்தை ஃபார்மலின் என்ற, கெடாமல் காக்கும் திரவம் ஊற்றிய டப்பாவில் போட்டு, வெளியே உள்ள பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலையையும் குடும்பத்தாரிடமே தருகிறார்கள். அப்படித் தந்தால், டப்பாவின் மேல் கணவரின் பெயரும் மருத்துவமனை எண்ணும் எழுதியிருக்கிறதா என்று அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள், மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், பரிசோதனைக் கூடத்தில் கொடுத்ததற்கு இரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இனிச் செய்யப்போகும் சிகிச்சை முழுவதும் அந்த டப்பாவிலிருந்து வரும் அறிக்கையைப் பொறுத்தது.

பட்டினி விஷயத்துக்கு வருவோம். நோயாளிக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்தே திட உணவை நிறுத்தச் சொல்வது, மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால், சில வகை மாத்திரைகளில் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி விழுவீர்கள். மாத்திரையையும் விட்டுவிட்டால் சர்க்கரை ஏறும். நீங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்துவிட்டால் உங்கள் கணவருக்கு வேண்டிய கையெழுத்தைப் போடுவதும் மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதும் யார்? மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அத்தே, நேர்ச்சை இருந்தால் அவர் வீட்டுக்கு வந்த பிறகு நானும் நீங்களும் சேர்ந்து நோன்பிருந்து நிறைவேற்றுவோம். அன்றைக்கு நான் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்." இதில் பொய்யும் இல்லை; உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார். இரண்டு இட்லியோ, கஞ்சியும் பயறும் ஒரு தூக்குவாளியிலோ காலையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். பையில் ஏத்தம்பழமும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.

இடத்தை விட்டு எழுந்து போகவே கூடாது என்று நினைக்க வேண்டாம். சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகும்போது, வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, உங்கள் எண்ணோடு இன்னொருவர் எண்ணையும் வார்டு சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். சொல்லாமல் போய்விட்டு, அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டு ஆளில்லை என்று கதவு மூடிக்கொள்ளும்போதுதான் சிக்கல். செல்போனை உறவினர்களின் விசாரிப்புகளுக்கே கரைத்துவிடாமல், மகனோ கொழுந்தனோ ஒருவரை ஊராருக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் வையுங்கள். குலசேகரத்திலிருந்தும் அருமனையிலிருந்தும் ஒவ்வொருவரும் கூப்பிட்டு "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டால், தெரியாத ஒன்றை நீங்கள் இருபது முறை தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன்பு கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வயிற்றில் பை வைக்க வேண்டி வருமா?" இடப்பக்கக் கட்டிக்குச் சில நேரம் தற்காலிகமாகக் குடலை வயிற்றின் தோலுக்குக் கொண்டுவந்து பை பொருத்த நேரும். அப்படி வாய்ப்பு இருக்கிறது என்றால் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே பேனாவால் குறிப்பார்கள். உங்கள் கணவர் கைலி கட்டி, விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவர். அவர் வழக்கமாகக் கைலி முடிச்சுப் போடும் இடத்திலேயே பை வந்துவிட்டால் தினமும் தொல்லை. குறிக்கும்போது அவரைக் கைலி கட்டி நிற்கவும், உட்காரவும், குனியவும் வைத்துப் பார்த்துக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொன்னால் செய்து தருவார்கள்.

அறுவை முடிந்து மருத்துவர் வெளியே வந்து பேசும் இரண்டு மூன்று நிமிடங்களில் அவர் சொல்வது எதுவும் காதில் நிற்காது. அதனால் கேள்விகளை முந்தின இரவே ஒரு நோட்டில் எழுதி, உடன் வருபவர் கையில் பேனாவைக் கொடுத்துவிடுங்கள். நினைத்த மாதிரி முழுவதும் எடுக்க முடிந்ததா, உள்ளே எதிர்பாராத ஏதாவது இருந்ததா, பை வைத்தார்களா, இன்று இரவு ஐ.சி.யூ.வா வார்டா, எத்தனை மணிக்கு நான் பார்க்கலாம், இரவில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, நுண்ணோக்கிப் பரிசோதனை அறிக்கை என்று வரும் என்பவை போதும். "எல்லாம் எடுத்தாச்சு" என்று மருத்துவர் சொன்னாலும், அது கண்ணுக்குத் தெரிந்த அளவில்தான். வெட்டிய விளிம்பில் புற்றணு இருக்கிறதா, நிணநீர் முடிச்சுகள் என்ற சிறு சுரப்பிகளில் பரவியிருக்கிறதா என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும். பெருங்குடல் என்றால் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொண்டிருக்கும் அளவு. அறிக்கை வர ஒரு வாரம் பத்து நாட்கள் ஆகலாம். அதற்குள் முடிவை யாரிடமும் வற்புறுத்திக் கேட்பதில் பயனில்லை.

முதல் முறை பார்க்கும்போது மூக்கில் குழாய், வயிற்றில் கசிவை வடிக்கும் குழாய், பக்கத்தில் சிறுநீர்ப்பை, முகத்தில் ஆக்ஸிஜன், வீங்கிய கண் என்று உங்கள் ஆள்தானா என்று தோன்றும். மயக்கம் தெளியும்போது உடம்பு உதறும். பெரும்பாலும் அது குளிராலும் மயக்க மருந்தாலும் வருவது. தண்ணீர் கேட்பார். சிஸ்டர் சொல்லாமல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள், உதட்டை நனைக்கலாமா என்று கேட்டுச் செய்யுங்கள். மூன்று பந்துகள் உள்ள சிறிய பிளாஸ்டிக் கருவி ஒன்றைத் தருவார்கள். நம் மக்களில் பாதிப் பேர் அதைப் பலூன் ஊதுவது போல ஊதுகிறார்கள். மூச்சை உள்ளே இழுத்துத்தான் பந்துகளை மேலே தூக்க வேண்டும். அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நிமோனியா வராமல் தடுக்க அது உதவும். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "காற்று பிரிந்ததா?" வெட்கப்படாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள், குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. 1981-இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தொடங்கிய பிறகு எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுத் திட்டம். நீங்கள் போகும் மருத்துவமனை அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை அட்டையை நீட்டும்போது தெரிந்துகொள்வதைவிட, சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். முன் அனுமதி வாங்காமல் அறுவை முடிந்துவிட்டால் பிறகு பணம் கேட்பது கடினம். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அறுவை. தாலியைக் கழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. இன்னொன்று, என் கொழுந்தியாளுக்கு வேறு ஓர் அறுவை நடந்தபோது பாதியில் வெளியே வந்து, இன்னும் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று சொல்லி அவள் கணவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கண் விழித்த பிறகு அவள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்கும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?
— வாசகர், குளச்சல்

பதில்: தாலியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மார்பு அறுவையில், மருந்தால் துடைத்துக் கிருமியில்லாமல் வைக்க வேண்டிய இடத்தின் மேலேயே அது கிடக்கும். இரத்தக் குழாயைச் சுட்டு மூட மின்சாரத்தால் இயங்கும் கருவியைப் பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருப்பதும் நல்லதில்லை. கை வீங்கினால் மோதிரமும் வளையலும் இறுகிவிடும். பெரியவர்களின் வருத்தம் பெரும்பாலும் அறுவை அரங்கில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதைக் கழற்றுகிறார் என்பதில்தான் இருக்கிறது. வார்டிலேயே, உங்கள் மாமியாரும் அம்மாவும் பார்த்திருக்க, உங்கள் மனைவி தம் கையாலேயே கழற்றி உங்களிடம் தரட்டும். நீங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் வார்டுக்குத் திரும்பி நினைவு தெளிந்ததும் நீங்களே போட்டுவிடுங்கள். ஜெபித்துக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால் அதற்கும் அங்கே ஐந்து நிமிடம் கிடைக்கும். நகச்சாயம் இருந்தால் அதையும் முந்தின நாளே அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

உங்கள் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியமானது. மார்பக அறுவையில், அக்குளில் உள்ள முதல் நிணநீர் முடிச்சை எடுத்து உடனே உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதும், அதன் முடிவைப் பொறுத்து மற்ற முடிச்சுகளையும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் வழக்கம். அந்த முடிவு வர அரை மணி நேரம் போல ஆகும். அதுவரை கத்தி சும்மா இருக்கும், நீங்கள் வெளியே வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். முடிவு வந்ததும் உங்களைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்கலாம். ஆனால் சட்டப்படி, நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் உடம்புக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அந்த நோயாளிதான். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயார் தந்த ஒப்புதலை, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணவருக்கும் இதே நிலைதான்.

ஆகவே அறுவைக்கு முந்தின நாள், நீங்களும் மனைவியும் சேர்ந்து மருத்துவரிடம் உட்கார்ந்து, "உள்ளே என்னென்ன மாறக்கூடும்? முடிச்சில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மார்பகத்தில் ஒரு பகுதி மட்டும் எடுக்கத் திட்டமிட்டிருந்தால், முழுவதையும் எடுக்கும் நிலை வருமா?" என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தம் விருப்பம் என்ன என்பதை உங்கள் மனைவியே சொல்லி, அது ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்ட பிறகு அவரே கையெழுத்திடட்டும். இடையில் உங்களைக் கூப்பிட்டால், "அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள், படிவத்தில் இருக்கிறது, அதன்படி செய்யுங்கள்" என்று சொல்ல உங்களால் முடியும். அவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றைக் கேட்டால், இப்போதே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா, அவர் விழித்த பிறகு கேட்டுக்கொண்டு இன்னொரு நாள் செய்ய முடியாதா என்று நிதானமாகக் கேளுங்கள். இன்னொரு நாள் என்பது இரண்டாம் மயக்கமும் இரண்டாம் செலவும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கொழுந்தியாளின் கோபத்தை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்கள்.

முடிச்சைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் செலுத்தியிருந்தால் மறுநாள் உங்கள் மனைவியின் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், மார்பின் தோலிலும் கொஞ்சம் நீலம் நிற்கும். பயப்பட வேண்டாம், சிறுநீர் ஓரிரு நாளில் தெளிந்துவிடும், தோலில் உள்ளது மறையச் சில வாரங்கள் ஆகலாம்.

கேள்வி: எங்கள் வாப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று அறுவைக்குக் கொண்டுபோனோம். ஐந்து மணி நேரம் என்றார்கள், ஒரு மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து எங்கள் அண்ணன் தம்பிகளை மட்டும் தனியாக அழைத்து, வயிற்றுக்குள் பரவியிருப்பதால் எடுக்காமல் மூடிவிட்டோம் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உம்மாவிடம் "கட்டியை எடுத்தாச்சு, சீக்கிரமே முடிஞ்சிட்டுது" என்று சொல்லிவிட்டோம். உம்மா சந்தோஷமாக எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறார். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.
— வாசகர், தக்கலை

பதில்: சொல்லிவிடுங்கள், இந்த வாரத்துக்குள். உங்கள் வாப்பாவோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். காயம் எவ்வளவு சிறியது, மருத்துவர்கள் ஏன் மேற்கொண்டு அறுவையைப் பற்றிப் பேசாமல் வேறு மருந்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள், பிள்ளைகள் ஏன் வராண்டாவில் தனியாக நின்று பேசுகிறார்கள் என்பதையெல்லாம் உம்மா கவனித்துக்கொண்டுதான் இருப்பார். ஒருவேளை அவர் செய்யும் போன்களில் பாதி, உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயத்தை விரட்டுவதற்காகவும் இருக்கலாம். இன்னும் பலரிடம் அவர் நல்ல செய்தியைச் சொன்ன பிறகு உண்மை தெரிந்தால், வேதனையோடு ஊராரிடம் பட்ட அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவமனைகளில் இதை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்: கணவரின் அறுவை, ஆனால் செய்தி மகன்களுக்கு. மனைவி படிக்காதவர், வயதானவர், தாங்கமாட்டார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். மருத்துவருக்கும் அது வசதியாக இருக்கிறது. அதை ஒருபோதும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. அறுபது வயதைக் கடந்த பெண்கள் பிரசவமும் மரணமும் கடனும் பார்த்தவர்கள்; பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர்களைவிட, தனியறையில் செய்தி கேட்கும் மகன்கள்தாம் பல நேரம் முதலில் உடைந்துபோகிறார்கள்.

மருத்துவரிடம் போய், "உம்மாவிடம் நாங்கள் தவறாகச் சொல்லிவிட்டோம், நீங்கள் எங்களோடு இருந்து சொல்லித் தர வேண்டும்" என்று கேளுங்கள். வராண்டாவில் வேண்டாம், உட்காரும் அறையில். உங்கள் சகோதரி இருந்தால் உம்மாவின் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் "அறுவையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் உம்மா?" என்று கேட்டால், அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும். பிறகு மருத்துவர் சுற்றி வளைக்காமல், நோய் பரவியிருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று சொல்லட்டும். அழுதால் அழவிடுங்கள், உடனே ஆறுதல் சொல்லி நிறுத்த வேண்டாம். அன்றைக்குச் சொன்ன பொய்யை நீங்களே ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். அவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கேள்விகள் வரும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.

எடுக்காமல் மூடுவதற்கு, கைவிடுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். பரவிய நிலையில் இரைப்பையை வெட்டி எடுத்தால் உடம்பு தளர்ந்து, கீமோதெரபியைத் தாங்கும் பலம் போய்விடும் என்பதால் பல நேரம் தெரிந்தே நிறுத்துகிறார்கள். வாந்தியும் அடைப்பும் வந்தால் உணவுப் பாதையைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கவோ வேறு வழி அமைக்கவோ முடியும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை, அந்தப் பயத்தில் வலியைப் பொறுத்துக்கொள்ள வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலித்தணிப்புச் சேவை தருவதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாப்பாவின் பெயரைப் பதிந்து வையுங்கள். எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில், டாக்டர் எம்.ஆர்.இராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா வலித்தணிப்புப் பணியில் நாடறிந்த அமைப்பு. அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

வாப்பாவிடம் எவ்வளவு சொல்வது என்பதை இனி உம்மாவோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வாப்பா தாமாகவே கேட்டால் மறைக்காதீர்கள். கேட்காவிட்டால், கேட்க விரும்புகிறாரா என்று உம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்து கீமோதெரபி பற்றிப் பேச மருத்துவர் அழைக்கும் நாளில், அறைக்குள் மூன்று நாற்காலிகள் மட்டும் இருந்தால், ஒன்றில் வாப்பாவும் ஒன்றில் உம்மாவும் உட்காரட்டும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் உள்ளே போய், மற்றவர்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.